ஆட்டம் இல்லாத மாதங்களில் கட்டப்படும் அணி: அமெரிக்கக் கால்பந்தின் கணக்கு வழக்கு

2024 ஜனவரி 15 அன்று பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி டாம்பாவில் 32-9 என்று தோற்று வீடு திரும்பியது. அந்தப் பருவத்தின் முதல் பதினோரு ஆட்டங்களில் பத்தை வென்ற அணி அது. கடைசி ஏழில் ஆறைக் கோட்டைவிட்டது. பதின்மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி 9 அன்று அதே அணி சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்தியது. ஒரு கட்டத்தில் புள்ளிகள் 34-0 என்று நின்றன. அதனால் அந்த 40-22கூட தோற்றவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை சேர்த்த கணக்குதான்.

தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் மாறவில்லை. மாறியவற்றில் பெரும்பகுதி, மைதானத்தில் பந்தே உருளாத பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மாறியது. அமெரிக்கக் கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு இந்த ஏழு மாதங்கள் வெறும் இடைவேளை போலத் தெரியும். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் மூளைக்கு அதிக வேலை இருப்பது அப்போதுதான். அதில் என்ன நடக்கிறது என்பதை ஈகிள்ஸ் அணியின் அந்த ஒரு வருடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் அடிப்படை. என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கூட்டமைப்பில் 32 அணிகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் களத்தில் ஓர் அணிக்குப் பதினோரு பேர். ஆனால் பந்து நம் கையில் இருக்கும்போது ஆடும் பதினோரு பேர் வேறு, எதிராளி கையில் இருக்கும்போது ஆடும் பதினோரு பேர் வேறு, பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்குபவர்கள் வேறு. ஆகவே பருவம் முழுவதற்கும் ஓர் அணி வைத்துக்கொள்ளும் பட்டியலில் 53 பேர் இருப்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வேண்டிய உடல்வாகு வேறு, பயிற்சி வேறு; சந்தை விலையும் வேறு. 150 கிலோ எடையில் எதிராளியை மறித்து நிற்பவரைப் பந்து பிடிக்க ஓடும் இடத்தில் போட முடியாது. ஒருவர் போனால் அதே வகையான இன்னொருவர் வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே பை

ஆட்களைச் சேர்ப்பதில் பெரிய கட்டுப்பாடு சம்பள உச்சவரம்பு. கூட்டமைப்பின் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு என்று ஒப்பந்தம். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையைக் கணக்கிட்டு, ஓர் அணி அந்த ஆண்டுக் கணக்கில் இதற்கு மேல் போகக் கூடாது என்று அறிவித்துவிடுவார்கள். 1994இல் இந்த முறை வந்தபோது அது 3.46 கோடி டாலர். 2023இல் 22.48 கோடி, 2024இல் 25.54 கோடி. உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அபராதம் கட்டிவிட்டுத் தாண்டலாம் என்ற வழியும் இல்லை.

ஐபிஎல் ஏலம் பார்ப்பவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. அங்கேயும் எல்லா அணிக்கும் ஒரே தொகைதான். ஆனால் அங்கே சுத்தியல் விழுந்ததும் ஓர் ஆண்டு விலை முடிவாகிவிடுகிறது. பையிலிருந்து அவ்வளவு குறைந்துவிடுகிறது. இங்கே ஏலமே கிடையாது. வீரரின் முகவரும் அணியின் பொது மேலாளரும் பேசி மூன்று, நான்கு, ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்தப் பணம் எந்த ஆண்டுக் கணக்கில் எவ்வளவு விழும் என்பதிலும் பேச்சுவார்த்தைக்கு இடமிருக்கிறது. புதிதாக வருபவர்கள் தலை சுற்றி நிற்பது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு வீரருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கோடியைக் கையெழுத்துப் போட்ட உடனே போனஸாகக் கொடுத்துவிடுகிறார்கள். முதலாண்டுச் சம்பளம் வெறும் 20 லட்சம். வீரர் கைக்கு அந்த ஆண்டு வந்தது 5.2 கோடி. ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அந்த 5 கோடி போனஸை ஐந்து ஆண்டுகளுக்கும் சமமாகப் பிரித்து எழுத விதி அனுமதிக்கிறது. எனவே முதலாண்டில் விழுவது 1 கோடியும் 20 லட்சமும், மொத்தம் 1.2 கோடி. மிச்ச நான்கு கோடி அடுத்த நான்கு ஆண்டுகளின் தலையில்.

வீரருக்குப் பணம் முன்கூட்டியே கிடைத்துவிட்டது. அணிக்கு இந்த ஆண்டு கணக்கில் இடம் மிஞ்சியது. இருவருக்கும் மகிழ்ச்சி. சிக்கல் எப்போது வரும்? இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த வீரர் சரிப்பட்டு வரவில்லை, நீக்கிவிடலாம் என்று அணி முடிவுசெய்தால், இன்னும் எழுதாத மூன்று கோடியும் ஒரே மொத்தமாக வந்து விழும். ஆள் இருக்க மாட்டார், அவர் பெயரில் மூன்று கோடி இருக்கும். இதை டெட் மணி என்கிறார்கள். ஜூன் 1க்குப் பிறகு நீக்கியதாகக் குறித்துக்கொண்டால் இந்த ஆண்டு ஒரு கோடி, அடுத்த ஆண்டு இரண்டு கோடி என்று பிரித்துக்கொள்ள ஒரு சலுகை உண்டு. கடன் அப்படியே இருக்கும், தவணை மட்டும் கூடும்.

இதிலிருந்து ஒன்று புரிந்திருக்கும். உச்சவரம்பு ஒரு சுவர் போலத் தோன்றினாலும் எதிர்காலத்திலிருந்து கடன் வாங்கி அதைத் தற்காலிகமாகத் தள்ளி வைக்கலாம். ஈகிள்ஸ் இதில் கைதேர்ந்தவர்கள். 2023 ஏப்ரலில் ஹர்ட்ஸுக்கு அவர்கள் கொடுத்த நீட்டிப்பு ஐந்து ஆண்டுகளுக்கு 25.5 கோடி டாலர். சராசரி ஆண்டுக்கு 5.1 கோடி. ஆனால் 2024 உச்சவரம்புக் கணக்கில் ஹர்ட்ஸின் பெயரில் விழுந்தது சுமார் 1.35 கோடிதான். போனஸ்களைத் துண்டு துண்டாக்கி, அவர் உண்மையில் ஆடப்போகாத பெயரளவு ஆண்டுகளையும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து, பாரத்தைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். உச்சவரம்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறும், ஆகவே இன்றைய ஒரு கோடி நாளைக்குச் சின்னதாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2023இலிருந்து 2024க்கு மட்டும் மூன்று கோடிக்கு மேல் ஏறியபோது அந்த நம்பிக்கைக்கு வட்டியும் கிடைத்தது. உச்சவரம்பு ஏறாத ஆண்டும் வரலாம். காலி அரங்குகளில் நடந்த 2020 பருவத்துக்குப் பிறகு 2021இல் அது இறங்கவே செய்தது.

கடன் வாங்குவது மட்டுமே திறமை என்றால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியைத்தான் மெச்ச வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வரம்பை மீறிய நிலையில் பிப்ரவரியைத் தொடங்கி, சம்பளங்களைப் போனஸாக மாற்றி எழுதி மார்ச்சுக்குள் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய நெடுநாள் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் 2021இல் ஓய்வுபெற்ற பிறகு வந்த நான்கு பருவங்களில் ஒருமுறைகூட நாக்அவுட் சுற்றுக்குள் நுழையவில்லை. வயதாகிவிட்ட வீரர்களின் தவணையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட, அவர்களை விட்டு விலகவும் முடியாமல் போகிறது. ஈகிள்ஸும் கடன் வாங்குகிறார்கள். ஆனால் இருபதுகளின் நடுவில் இருக்கும், இன்னும் பல ஆண்டு ஆடப்போகும் ஆட்களின் பெயரில் வாங்குகிறார்கள்.

சொந்த ஆட்களை எப்போது பிடித்து வைப்பது

2024 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஈகிள்ஸ் செய்த காரியங்களில் அதிகச் சத்தமில்லாதவை சொந்த வீரர்களுடன் போட்ட நீட்டிப்புகள். பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் டிவான்டா ஸ்மித்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 7.5 கோடி. இன்னொரு ரிசீவர் ஏ.ஜே. பிரவுனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 9.6 கோடி. முன்வரிசையில் நிற்கும் லாண்டன் டிக்கர்சனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 8.4 கோடி, ஜோர்டன் மைலாட்டாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6.6 கோடி. மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2018இல் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டபோது அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில்கூட ஆடியிருக்கவில்லை.

இவர்களில் யாருடைய ஒப்பந்தமும் அப்போது முடியும் தறுவாயில் இல்லை. பிறகு ஏன் அவசரம்? ஸ்மித்துக்கு ஆண்டுக்கு 2.5 கோடி என்று ஏப்ரலில் முடித்தார்கள். ஜூனில் மின்னசோட்டாவின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் ஆண்டுக்கு 3.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் டல்லஸ் கௌபாய்ஸின் ரிசீவர் சீடீ லாம் 3.4 கோடி சராசரிக்கு வந்தார். ஸ்மித் அவர்களுக்கு ஒரு படி கீழேதான் என்றாலும், செப்டம்பர்வரை காத்திருந்தால் 2.5 கோடிக்கு வந்திருப்பார் என்று நினைக்க இடமில்லை. டல்லஸ் அப்படித்தான் காத்திருந்தது. லாமுக்கு ஆகஸ்ட் கடைசியிலும், குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு முதல் ஆட்டம் நடக்கும் நாளன்று காலையிலும் ஒப்பந்தம் போட்டது. பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி. அப்போது கூட்டமைப்பிலேயே மிக உயர்ந்த தொகை அதுதான்.

சொந்த வீரர் ஒருவரின் ஒப்பந்தம் முடிந்து, பேச்சும் படியவில்லை என்றால் அணியிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது: ஃபிராஞ்சைஸ் டேக். ஆண்டுக்கு ஒரே ஒரு வீரர்மேல் அதைப் போடலாம். அவர் ஆடும் இடத்தில் உச்சச் சம்பளம் வாங்குபவர்களின் சராசரியை ஒட்டி ஒரு தொகையைக் கொடுத்து ஓர் ஆண்டுக்குக் கட்டிவைத்துவிடலாம். வீரருக்கு அந்த ஆண்டு நல்ல பணம், நீண்டகாலப் பாதுகாப்பு கிடையாது. ஒரே ஒரு முழங்கால் காயம் எதிர்கால வருமானத்தை அழித்துவிடக்கூடிய இந்த விளையாட்டில் வீரர்கள் இந்த டேக்கை வெறுப்பதில் வியப்பில்லை.

இடத்துக்கு இடம் விலை எப்படி மாறுகிறது என்பதை இந்த டேக் தொகைகளே காட்டிவிடும். 2024இல் குவார்ட்டர்பேக்குக்கு அது சுமார் 3.83 கோடி டாலர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதி ஓடும் ரன்னிங் பேக்குக்குச் சுமார் 1.2 கோடி. ரன்னிங் பேக்கின் உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும், முன்வரிசை வழி திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்பது அணி நிர்வாகங்களில் ஊறிப்போன எண்ணம்.

ஒரு பார்க்லி, ஒரு பான், ஒரு ஹஃப்

மார்ச் நடுவில் புதிய ஆண்டுக் கணக்கு தொடங்கும்போது ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் யாரோடு வேண்டுமானாலும் சேரலாம். இவர்கள்தான் ஃப்ரீ ஏஜென்ட்கள். 1993இல் இந்த உரிமை இன்றைய வடிவத்தில் வந்தது. புதிய ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பேச்சு நடத்த அனுமதி உண்டு என்பதால் பெரிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்தத் திங்கட்கிழமையே முடிந்துவிடும்.

சேக்வான் பார்க்லி நியூயார்க் ஜயன்ட்ஸின் ரன்னிங் பேக். 2018 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். 2023இல் அவர்மேல் டேக் போட்ட ஜயன்ட்ஸ், 2024இல் மறுபடி போடவில்லை. போட்டிருந்தால் 1.21 கோடி ஆகியிருக்கும். சந்தையில் விசாரித்துப் பாருங்கள், பிறகு எங்களிடம் வாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஈகிள்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 3.775 கோடி கொடுத்துக் கூட்டிவந்தது. இரண்டும் ஒரே பிரிவில், ஆண்டுக்கு இருமுறை மோதும் அணிகள். அந்த மாதங்களில் ஜயன்ட்ஸ் அலுவலகத்துக்குள் கேமராவை அனுமதித்து ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது என்ற பொருளில் உரிமையாளர் ஜான் மாரா தன் பொது மேலாளரிடம் சொல்வது அதில் பதிவாகியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

2023இல் ஜயன்ட்ஸுக்காக 962 யார்டு ஓடிய பார்க்லி, 2024இல் ஈகிள்ஸுக்காக 2,005 யார்டு ஓடினார். கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் 1984இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2,105 என்ற சாதனைக்கே ஆபத்து. ஒரே மனிதர் ஓராண்டில் இருமடங்கு திறமைசாலி ஆகிவிடவில்லை. அவருக்கு முன்னால் நின்ற சுவர் மாறியது. ஈகிள்ஸ் பல ஆண்டுகளாகப் பணத்தையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொட்டியது முன்வரிசையில்தான். அப்படிப்பட்ட அணிக்கு மலிவான இடத்திலிருந்து ஒரு பெரிய திறமைசாலி வந்தால் கிடைக்கும் லாபம், பலவீனமான முன்வரிசை வைத்திருக்கும் அணிக்குக் கிடைக்காது. ஜயன்ட்ஸின் கணக்கு அவர்களுடைய நிலைமைக்கு முட்டாள்தனமானது அல்ல என்றே நினைக்கிறேன். ஒரே வீரருக்கு இரண்டு அணிகளில் இரண்டு மதிப்பு.

ஸாக் பான் கதை இன்னும் சுவையானது. செயின்ட்ஸ் அணியில் நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் உதை ஆட்டங்களில் இறங்கிக்கொண்டிருந்த லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். முதல் நாளின் ஆரவாரம் அடங்கியபின் விலைகள் சரியும் நேரத்தில் ஈகிள்ஸ் அவரை ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தது. புதிதாக வந்திருந்த தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ அவரை விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். அந்தப் பருவத்தில் பான் 151 டேக்கிள் செய்தார், அதாவது பந்தோடு ஓடுபவரை அத்தனை முறை மடக்கினார். கூட்டமைப்பின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வானார். சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்தார்.

இதே மார்ச்சில் பானை எடுத்த அதே ஈகிள்ஸ் பொது மேலாளர் பிரைஸ் ஹஃப் என்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடி கொடுத்தார். முந்தைய ஆண்டு நியூயார்க் ஜெட்ஸில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பத்து முறை வீழ்த்தியவர். ஜெட்ஸ் அவரைக் குவார்ட்டர்பேக்கைத் துரத்த வேண்டிய தருணங்களில் மட்டும் இறக்கியது. ஃபேஞ்சியோவின் ஆட்டமுறை வேறு வேலைகளையும் கேட்டது. 2024 முழுவதும் இரண்டரை வீழ்த்தல்தான். சூப்பர் பௌலன்று ஆடும் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை.

பானும் ஹஃப்பும் ஒரே மூளையின் தேர்வுகள். வேறுபாடு, ஒருவர் தவறிப்போயிருந்தால் நஷ்டம் 35 லட்சம். இன்னொருவர் தவறியபோது நஷ்டம் பல கோடி. எல்லா அணிகளுக்கும் பணம் ஒன்றே என்னும்போது, நல்ல வீரரை நல்ல விலைக்கு வாங்குவது ஒரு சாதனையே இல்லை. அதை 32 பேரும் செய்வார்கள். கொடுத்த விலையைவிட அதிக ஆட்டம் தருபவர்கள் எத்தனை பேர் உன் 53இல் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. முதல் நாள் சந்தையில் உச்ச விலைக்கு வாங்கப்படுபவர் விலைக்கு ஈடாக ஆடலாம். விலையைத் தாண்டி ஆடுவது அபூர்வம். பார்க்லி அந்த அபூர்வம். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு எல்லா அணியும் ரன்னிங் பேக்குக்குப் பணத்தை இறைத்தால் ஏமாந்துபோகும்.

டிராஃப்ட்: விலை கட்டிப்போடப்பட்ட சந்தை

விலையைத் தாண்டி ஆடுபவர்கள் மொத்தமாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. ஏப்ரல் கடைசியில் நடக்கும் டிராஃப்டில் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில். ஏழு சுற்றுகள். எடுக்கப்பட்டவருக்கு நான்காண்டு ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்துச் சம்பளம் ஏறக்குறைய நிர்ணயமாகிவிடும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு.

முன்பு அப்படி இல்லை. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி ஒப்பந்தம். அதில் 5 கோடி உறுதிப்பணம். 2011இல் புதிய விதி வந்தது. அந்த ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு வெறும் 2.2 கோடி. ஒரே கையெழுத்தில் இளைஞர்கள் மலிவானார்கள். இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை. உடம்பு உச்சத்தில் இருக்கும் நான்கு ஆண்டுகளையும் சந்தை விலைக்கு வெகு கீழே விற்க வேண்டியிருக்கிறது, பிறகு விலை கேட்கும் வயதில் தேய்ந்துவிட்டாய் என்கிறார்கள். ஆனால் அணி கட்டுபவர்களுக்கு இதுதான் பொற்சுரங்கம்.

முக்கியமாகக் குவார்ட்டர்பேக் விஷயத்தில். 2020இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட ஹர்ட்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 60 லட்சம். அவர் அந்தச் சம்பளத்தில் இருந்தபோதே ஈகிள்ஸ் 2023 பிப்ரவரி சூப்பர் பௌல்வரை போனது. மிச்சப்பட்ட பணம் மற்ற இடங்களில் வீரர்களாக நின்றது. சான்பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் குறைந்த சம்பளத்தில் 2024 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஆடினார். அடுத்த ஆண்டு அவருக்கே ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி கொடுக்க வேண்டிவந்தது. சலுகை விலைக் காலம் முடிந்தது.

ஈகிள்ஸுக்கு 2024 டிராஃப்டில் தேவை வெளிப்படையாகத் தெரிந்தது. எதிரணி ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக்குகள் இருவருக்கும் வயது முப்பதும் அதற்கு மேலும். முந்தைய பருவத்தில் புள்ளிகளைக் குறைவாக விட்டுக்கொடுப்பதில் அணி 32இல் 30ஆவது இடம். 2002க்குப் பிறகு முதல் சுற்றில் கார்னர்பேக் எடுத்ததே இல்லை. அந்த ஆண்டு 22ஆவது இடத்தில் டொலீடோ பல்கலைக்கழகத்தின் குவின்யான் மிட்செலை எடுத்தார்கள். அடுத்த நாள் 50ஆவது இடத்திலிருந்து 40க்குப் பேரம் பேசி ஏறி அயோவாவின் கூப்பர் டிஜீனை எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் எதிரணிக்கு மிகக் குறைந்த யார்டு கொடுத்த அணி ஈகிள்ஸ். டிஜீன் தன் இருபத்திரண்டாம் பிறந்தநாளன்று சூப்பர் பௌலில் மஹோம்ஸின் பந்தைப் பறித்து 38 யார்டு ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து அணி கொடுத்தது ஒரு நடுத்தர ஃப்ரீ ஏஜென்டின் விலைகூட இல்லை.

ஆனால் டிராஃப்ட் என்பது இந்த ஆண்டின் ஓட்டையை அடைப்பதற்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஈகிள்ஸின் சென்டர் ஜேசன் கெல்சி பதின்மூன்று பருவங்கள் ஆடிவிட்டு 2024 மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். சென்டர் என்பவர் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரணியின் அமைப்பைப் படித்துத் தன் வரிசைக்குக் கட்டளை சொல்பவர். அப்படி ஒருவரை மார்ச்சில் கடையில் போய் வாங்க முடியாது. ஈகிள்ஸ் 2022லேயே இரண்டாம் சுற்றில் காம் ஜர்கென்ஸ் என்ற சென்டரை எடுத்திருந்தது. எடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் சென்டர்களைப் பற்றிக் கெல்சியிடமே கருத்துக் கேட்டார்கள். ஜர்கென்ஸ் முதலாண்டு பெரும்பாலும் வெளியே உட்கார்ந்தார், இரண்டாமாண்டு பக்கத்து இடத்தில் கெல்சியின் தோளோடு தோள் நின்று ஆடினார், மூன்றாமாண்டு அவர் இடத்துக்கு நகர்ந்தார்.

இதையெல்லாம் நடத்தும் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் இந்த விளையாட்டைத் தொழில்முறையில் ஆடியதே இல்லை. சட்டம் படித்துவிட்டு 2000இல் ஈகிள்ஸ் அலுவலகத்தில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவர். 2015இல் வீரர் தேர்வு அதிகாரத்தைப் பறித்து ஓரங்கட்டினார்கள். அடுத்த ஆண்டே அது திரும்பி வந்தது. 2018 பிப்ரவரியில் ஒரு கோப்பை, 2025இல் இன்னொன்று.

தவறின் விலை

டென்வர் பிராங்கோஸ் 2022 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனுக்காக சியாட்டில் அணிக்கு இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகளையும் மூன்று வீரர்களையும் இன்னும் சில்லறைகளையும் கொடுத்தது. சில மாதங்களில், அவர் டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, ஐந்து ஆண்டுகளுக்கு 24 கோடிக்கு மேல் நீட்டிப்பும் கொடுத்தது. இரண்டு பருவங்கள் சரிவரவில்லை. 2024 மார்ச்சில் நீக்கியபோது விழுந்த டெட் மணி இரண்டு ஆண்டுகளில் 8.5 கோடி. அவர் பிட்ஸ்பர்க்கில் போய் 12 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். உறுதியளித்த மிச்சச் சம்பளத்தை டென்வரே கொடுத்தது.

வேடிக்கை அடுத்துத்தான். அத்தனை சுமையோடும் டென்வர் 2024இல் 10 வெற்றி, 7 தோல்வி என்று முடித்து, 2015 பருவத்துக்குப் பிறகு முதல்முறையாக நாக்அவுட்டுக்குள் நுழைந்தது. அந்த ஏப்ரலில் 12ஆவது இடத்தில் போ நிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தார்கள். புதுமுகச் சம்பளம் என்பதால் வில்சன் விட்டுப்போன பள்ளத்துக்குள்ளும் அவரைப் பொருத்த முடிந்தது. டெட் மணி கொல்லும் என்று பலர் எழுதுகிறார்கள். மலிவான குவார்ட்டர்பேக் கையில் இருந்தால் அது வெறும் வலிதான்.

ஆகஸ்டில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடைக்காலப் பயிற்சிக்கு 90 பேர்வரை இருப்பார்கள். மாதக் கடைசியில் ஒரே நாளில் அது 53 ஆக வேண்டும். 32 அணிகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அன்று வேலை இழக்கிறார்கள். சிலரை வேறு அணி எடுத்துக்கொள்ளும், சிலர் பயிற்சிக் குழுவில் தங்குவார்கள், மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள்.

வென்றவர்களுக்கு வரும் பிரச்சினை

சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் தடுப்பாட்டம் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. அதில் இரண்டரை ஜாஷ் ஸ்வெட்டுடையது, இரண்டு மில்டன் வில்லியம்ஸுடையது. இருவரின் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. ஒரு மாதம் கழித்து மார்ச் சந்தையில் வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து நான்கு ஆண்டுகளுக்கு 10.4 கோடி கொடுத்தது. ஸ்வெட்டுக்கு அரிசோனா 7.6 கோடி கொடுத்தது. ஈகிள்ஸ் இருவரையும் விட்டுவிட்டது. ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் அந்த இடங்களுக்கு டிராஃப்டில் எடுத்த ஜேலன் கார்ட்டர், நோலன் ஸ்மித் போன்ற இளைஞர்கள் இன்னும் சலுகை விலையில் இருந்தார்கள். தவிர, வாங்குவதைவிட அதிக மதிப்புள்ள ஃப்ரீ ஏஜென்ட்களை இழக்கும் அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாம் சுற்றுக்குப் பிந்தைய கூடுதல் வாய்ப்புகளை ஈடாகக் கொடுக்கிறது கூட்டமைப்பு. ரோஸ்மன் வேண்டுமென்றே கணக்கில் வைத்துக்கொள்ளும் வரவு அது.

பானை விடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடி கொடுத்தார்கள், ஓராண்டுக்கு முன் ஹஃப்புக்குக் கொடுத்த அதே தொகை. ஹஃப்பை ஒரு டிராஃப்ட் வாய்ப்புக்காகச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். பானுக்குப் பணம் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆவதற்குள், ஏப்ரல் டிராஃப்டின் முதல் சுற்றில் 31ஆவது இடத்துக்கு ஏறி அவர்கள் எடுத்தது அலபாமாவின் ஜிஹாத் கேம்பெல். அவரும் லைன்பேக்கர்தான்.